மேல்சரிவுக்குப் பின்வழி

என் அம்மாவும் என் அக்கா புருஷனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள், ஒரே டீயை விற்கிறார்கள், ஒரே பானையிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடுகிறார்கள், வேறு வேறு நேரத்தில். எங்கள் தினே பழங்குடி ஜனங்களில் பழைய முறையை விடாத வீடுகளில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போகும் என்பார்கள். மாமியாருக்கு எங்கள் மொழியில் பெயரே 'பார்க்கப்படாதவள்' என்பதுதான். எங்களை நவஹோ என்று அழைக்கிற வெளியாட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்திலேயே இப்போது பாதி வீடுகளில் இது கிடையாது. எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் மரியாதை, லீலண்ட் அத்தானுக்கும் அதுதான் மரியாதை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அம்மா இடுப்பு வாரில் ஒரு சின்ன மணி கட்டியிருப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அத்தான் எந்த வேலையில் இருந்தாலும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். அவர் பிக்கப் வண்டியில் வந்தால் வேலிக் கதவருகே இரண்டு தரம் ஹார்ன் அடிப்பார். அம்மா கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, எங்கள் வட்ட மண்வீடான ஹோகனுக்குள் போய்விடுவாள். இரண்டு பேரும் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து பேசிக்கொள்ளலாம். ஆனால் பேசியதில்லை. கூச்சம். 'மாப்பிள்ளைகிட்ட சொல்லு, சாக்கு பத்தல.' 'அத்தைகிட்ட சொல்லு, சாக்கு நாளைக்கு.' நடுவில் நான், டெல்ஃபி. ஃப்ளாக்ஸ்டாஃபில் உணவு அறிவியல் படித்தவள், எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு பேருக்கு நடுவில் டெலிபோன் கம்பியாக இருந்தேன்.

நாங்கள் விற்பது கடைத் தேயிலை இல்லை. மலைச்சரிவில் தானாக முளைக்கிற செடி. ஈர்க்குச்சி மாதிரிப் பச்சைத் தண்டு, நுனியில் மஞ்சள் பூ. பூத்திருக்கும்போது வேருக்கு மேலே விட்டு அறுத்து, ஒரு பிடியை மடித்துக் கட்டி, நிழலில் காயவைத்து, அந்தக் கட்டை அப்படியே பானையில் போட்டுக் கொதிக்கவிட்டால் செம்பழுப்பாக இறங்கும். சர்க்கரை தேவையில்லை. எங்கள் மொழியில் அதற்குச் செடிக் காபி என்று பெயர். ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் இதைக் கேட்டதும், அப்படியென்றால் இது டீயா காபியா என்று ரொம்ப நேரம் குழம்பினார்.

அவருக்குப் பொட்டலத்தின் மேல் போட ஒரு குடும்பப் படம் வேண்டுமாம். அம்மா, மகள், மருமகன், எல்லாரும் சிரித்தபடி, பின்னால் சிவப்பு மலை. அம்மாவை ஒரு படம், அத்தானை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒட்டினால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்களே, பொட்டலத்தை அவர்கள் எப்படிப் பார்ப்பது என்றேன். அதோடு அவர் போனவர்தான். எனக்கு வருத்தமில்லை. அவர் விற்க நினைத்தது எங்கள் முகத்தை. டீ அவருக்கு ஒரு சாக்கு.

நான் விற்க நினைத்த இடம் வேறு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்குச் சர்க்கரை நிறைந்த ஆரஞ்சுப் பொடியைக் கரைத்துத் தருகிறார்கள். நானும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான். காலேஜில் ஒரு நாள் சர்க்கரை நோய் பற்றிப் பாடம். திரையில் எங்கள் ஜனங்களின் கணக்கைப் போட்டுவிட்டு, வகுப்பில் இருந்த ஒரே தினே பெண்ணான என்னைப் பேராசிரியர் இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பொடியை எங்கள் தொண்டைக்குள் ஊற்றியது யார் என்று ஒரு வரி அந்தத் திரையில் இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தப் பொடியைக் கரைக்கிற பாத்திரத்தில் எங்கள் டீ இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் எங்கள் நீலச்சோளக் கஞ்சி இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் டீ வியாபாரம். ஓடையோரச் சோளக் காடுகளுக்கு விதைச் செலவும் உழவுச் செலவும் டீ விற்ற காசில்தான். எங்களோடு சேர்ந்து சில குடும்பங்கள் அறுக்கின்றன, அவரவர் சரிவில். எல்லாச் சரிவுக்கும் மேலே, எங்கள் ஹோகனுக்குப் பின்னால் இருக்கும் தட்டைமலையின் தோளில், மேல்சரிவு என்று ஒன்று உண்டு. செடி அங்கேதான் நெருக்கமாக நிற்கும். நன்றாக மழை பெய்த வருடங்களில் அதிலும் அறுப்போம். மழை பொய்த்த வருடம் அதை விதைக்கு விட்டுவிடுவோம். இலையுதிர் காலத்தில் எல்லாக் குடும்பங்களும் அங்கே வந்து விதை உருவிக்கொண்டு போய்த் தங்கள் சரிவில் தூவுவார்கள்.

அந்த வருடம் மழை இல்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. கீழ்ச்சரிவுகள் சொட்டையாகிக் கிடந்தன. கோடை தொடங்கும்போதே அம்மா ஏறிப் போய், மேல்சரிவின் கீழ் ஓரம் நெடுகப் புதர்களில் சிவப்புத் துணிக் கிழிசல்களைக் கட்டிவிட்டு வந்தாள். சிவப்புத் துணி இருந்தால் கை வைக்கக் கூடாது. அறுக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த வருடம் பார்த்துத்தான் எனக்குப் பள்ளிக்கூட ஆர்டரும் கிடைத்தது.

பள்ளிக்கூடச் சமையலறைகளுக்குத் தலைமை வில்மா டெஸ்செனி. அம்மாவின் குலமும் அவர் குலமும் ஒன்று, அதனால் எனக்குச் சின்னம்மா முறை. முறை இருப்பதால் சலுகை கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். முறை இருப்பதால் கூசாமல் திட்டுவார். வருடம் முழுக்க அவர் பின்னால் அலைந்து, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ருசி காட்டி, கடைசியில் சம்மதிக்கவைத்தேன். குளிர் தொடங்குவதற்குள் எல்லாச் சமையலறைகளுக்கும் டீ வந்து சேர வேண்டும். வராவிட்டால் பழையபடி பொடிதான், இந்த வருடம் முழுக்க. எல்லாக் குடும்பங்களின் கட்டுகளையும் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் வந்தது. மீதி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அம்மா இருந்தபோதும் புலம்பினேன். அவள் எழுந்து போனபின் அத்தான் வந்து உட்கார்ந்தபோதும் புலம்பினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் சின்லியில் வில்மா சின்னம்மாவோடு ஒரு கூட்டம் முடிந்து மத்தியானம் திரும்பினேன். காயவைக்கும் கொட்டகை முன்னால் அத்தானின் பிக்கப் நின்றது. பின்பக்கம் வண்டி வாய் பிதுங்கப் பச்சை. அத்தான் அதன் மேல் சாய்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். அவருக்கு மின்கம்பி வேலை. கம்பம் ஏறுவார். எங்கள் டீயைப் பொறுத்தவரை அவர் வண்டியோட்டி, சுமைதூக்கி. அறுப்புக்குப் போனதே இல்லை.

"என்ன காலேஜு, ஆர்டர் கம்மி, ஆர்டர் கம்மின்னு உயிர எடுத்தியே," என்றார். "எடுத்துக்கோ. அத்தான் ரெண்டு நாள் லீவு போட்டு அறுத்திருக்கேன். உன் படிப்புல இத எப்படி அறுக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பூ உதிர்ந்து, விதைத்தலை மொட்டு மாதிரி இறுகிப் பழுத்திருந்தது. கீழ்ச்சரிவுகளில் இப்படி எதுவும் மிச்சமில்லை. இவ்வளவு நெருக்கமான செடி இந்த வருடம் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

"எங்க அறுத்தீங்க அத்தான்?"

"மேலதான். அந்த மலைத் தோள்ல."

"சிவப்புத் துணி பாக்கலியா?"

தர்பூசணி பாதி வழியில் நின்றது. "என்ன துணி?"

நடந்தது இவ்வளவுதான். மேல்சரிவை அந்த வருடம் விதைக்கு விட்டிருப்பது அவருக்குத் தெரியாது. முதல் நாள் விடிந்ததும் அவர் ஹோகன் பக்கத்துப் பாதையில்தான் ஏறத் தொடங்கியிருக்கிறார். நேராகப் போயிருந்தால் துணிகள் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பாதி வழியில் அம்மாவின் மணிச் சத்தம் கேட்டிருக்கிறது. அவள் கீழ்ச்சரிவில் மிச்சம் மீதியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உடனே திரும்பி, மரியாதையாக இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போய், பழைய ஆட்டுத்தடம் வழியாகப் பின்பக்கமிருந்து மேல்சரிவில் ஏறியிருக்கிறார். பின்பக்கத்தில் துணி இல்லை. அந்த வழியாக யாரும் வருவதில்லை என்பதால் அம்மா அங்கே கட்டவில்லை. அவர் பின்னாலிருந்து தொடங்கி முன்னால் வரை அறுத்து, கீழ் ஓரத்துக்கு வருவதற்குச் சற்று முன்பு செடியும் தீர்ந்து வண்டியும் நிறைந்துவிட்டதால் நிறுத்தியிருக்கிறார். சிவப்புத் துணி கட்டிய புதர்கள் அந்த ஓரத்தில்தான் இருந்தன.

மாமியாருக்கு மரியாதை கொடுக்கப் போய் மாமியார் காத்துவைத்ததை அறுத்துவிட்டார். யாரைத் திட்டுவது? எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. தர்பூசணியைத் திட்டினேன். தோலைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்று கத்தினேன். அவர் தோலைப் பொறுக்கி எடுத்தார்.

அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் ஹோகனுக்குள் சோள மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தவில்லை. முழுக்கவா என்று மட்டும் கேட்டாள். முழுக்க என்றேன். மாவைச் சலித்து முடித்து, மூடி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நானும் கூடப் போனேன். ஏற ஏற மணி ஒலித்துக்கொண்டே வந்தது. கொட்டகைப் பக்கம் அத்தான் முதுகைக் காட்டி நிற்பது தெரிந்தது. நாங்கள் மேலே மறையும் வரை அப்படியே நின்றார்.

மேல்சரிவு மொட்டையாக இருந்தது. ஒழுங்காக அறுத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஒரு வேர்கூடப் பிடுங்கப்படவில்லை. தண்டுக் கட்டைகள் விரல் உயரத்துக்கு நின்றன. செடி சாகாது, அடுத்த வருடம் துளிர்க்கும். ஆனால் இந்த வருடத்து விதை இல்லை. கீழே சொட்டையாகிக் கிடக்கும் சரிவுகளில் தூவ ஒரு பிடி இல்லை. இன்னொரு வருடம் மழை பொய்த்தால் அந்தக் குடும்பங்கள் எதை அறுப்பார்கள் என்று நான் யோசித்தேன். ஆர்டரையும் யோசித்தேன். இரண்டையும் ஒரே சமயத்தில் யோசித்ததுதான் உண்மை.

அம்மா மெதுவாகச் சரிவின் பின்பக்கம் வரை நடந்தாள். அங்கே ஆட்டுத்தடம் வந்து சேரும் இடத்தில் ஒரே ஒரு செடி அறுக்கப்படாமல் நின்றது. இருப்பதிலேயே பெரியது. அதன் அடியில் மஞ்சளாக ஒரு சிட்டிகைப் பொடி. சோள மகரந்தம். முதலில் கண்ணில் படுகிற பெரிய செடிக்கு அதை வைத்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, அதைத் தொடாமல் விட்டுவிட்டுத்தான் மற்றதை அறுக்க வேண்டும். எங்களோடு அறுக்கிற இளசுகள் பாதிப்பேர் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். கம்பம் ஏறுகிற மனுஷன், வாழ்க்கையில் முதல்முறை அறுக்கப் போனவர், விடவில்லை.

அம்மா அந்தச் செடிக்கு முன்னால் குந்தினாள். "மொறையாத்தான் கேட்டிருக்காரு," என்றாள். பிறகு, "நான் பின்பக்கமும் கட்டியிருக்கணும்," என்றாள்.

"அவரு சுத்திப் போனதே உன் மணியாலதான்மா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது," என்றாள். அதோடு விட்டாள். வாதம் செய்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கீழே இறங்கினால் வேறு கூத்து. வெர்னா அக்கா வேலையிலிருந்து வந்திருந்தாள். கொட்டகை வாசலில் அத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவள் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். இனிமேல் இந்தப் பக்கமே வரவில்லை, வேறு யாரையாவது வண்டியோட்டச் சொல்லு, தெற்கே கம்பி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போய்விடுகிறேன் என்று அத்தான் சொன்னாராம். அவர் போனால் அக்காவும் போக வேண்டியிருக்கும். அக்கா அழவில்லை. "போறதுன்னா போ. ஆனா ஒரு வண்டி செடியக் கெடுத்துட்டுப் போறவன் கூட நான் வரமாட்டேன், சரி பண்ணிட்டு வா," என்றாள்.

எனக்குச் சரி பண்ணுவதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஹோகனுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அறுத்தது அறுத்தாயிற்று. கட்டிக் காயவைத்தால் ஆர்டருக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் பொடியைக் குடிக்க மாட்டார்கள். அத்தானுக்கும் தான் செய்தது வீணாகவில்லை என்று இருக்கும். வீசியா எறியப் போகிறோம்? கிட்டத்தட்ட ஒரு சொற்பொழிவு. காலேஜில் இப்படிப் பேசித்தான் மார்க் வாங்கினேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆர்டர் உன்னுது," என்றாள். "ஒரு வருஷமா அலைஞ்சது நீ. நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். சரிவு மட்டும் எல்லாருது. அவங்க கேட்டா நீயே பதில் சொல்லு."

இதுதான் அம்மா. கதவைத் திறந்து வைத்துவிட்டு, போ என்றும் சொல்ல மாட்டாள், போகாதே என்றும் சொல்ல மாட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளும் எல்லாருடையவர்கள்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதற்கு மேல் கோபப்பட அங்கே இடமில்லை.

கட்டுப்போடலாம் என்றே கொட்டகைக்குப் போனேன். செடியை வண்டியிலிருந்து இறக்கி நிழலில் பரப்பியிருந்தார்கள். அத்தான் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இத எப்படிடா துவைக்கிறது? முள்ளம்பன்னியா நீ?"

காலுறை முழுக்கக் கறுப்பாக ஒட்டியிருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். டீச் செடியின் சின்னச் சின்ன விதைகள். நுனியில் இரண்டு கொக்கி. ஆட்டு மயிரிலும் துணியிலும் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிற விதை. ஒன்றைப் பிய்த்து நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. முற்றிய விதை. இன்னொன்று, அதுவும் முற்றியது. பிறகு ஒரு பச்சை. பிறகு இரண்டு முற்றியவை.

தரையில் கிடந்த செடிக்கு வந்தேன். தலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். நிறைய பழுத்துவிட்டது. பழுக்காததில் பாதி, தண்டோடு அப்படியே நிழலில் கிடந்தால் தண்டில் இருக்கும் சத்தை இழுத்துப் பழுக்கும். இது எனக்குத் தெரியும். காலேஜில் ஒரு பருவம் முழுக்க விதைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குக் கட்டுப் போடக் கூடாது. மடித்துக் கட்டினால் புழுங்கிப் போகும். விரித்துப் போட்டு, திருப்பித் திருப்பிக் காயவிட்டு, பிறகு தட்டி எடுக்க வேண்டும். அதற்குள் தண்டு வெளுத்து வைக்கோலாகிவிடும். கொதிக்கவைத்தால் ஒன்றும் இறங்காது.

அதாவது, விதையா டீயா. இரண்டில் ஒன்று. தீர்மானிக்க வேண்டியது நான். காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்ன காலேஜு," என்றார் அத்தான் மெதுவாக. "பரீட்சைல ஃபெயிலா?"

"உங்க காலுறை பாஸ்," என்றேன். "ரெண்டையும் குடுங்க. துவைக்கக் கூடாது."

அன்றே வில்மா சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மணி, ஆட்டுத்தடம், காலுறை. இடையில் அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. முடித்ததும் திட்டினார். கையில் இல்லாததை ஏன் தருகிறேன் என்றாய், ஒரு கோடை முழுக்க நான் மேலே எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் தெரியுமா என்று. கடைசியில், கையிலிருப்பதைக் கொண்டு வா, சின்ன வகுப்புகளுக்கு மட்டும் ஊற்றுகிறேன் என்றார். பெரிய பிள்ளைகளுக்கு இந்த வருடமும் பொடிதான்.

"அடுத்த வருஷமும் காலுறைக் கதையோட வந்தேன்னா, மகளே, அந்தக் காலுறையத்தான் கொதிக்க வெப்பேன்."

சரி சின்னம்மா என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் வெளியே நின்றேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளில் சிலர் என்னிடம் ருசி பார்த்தவர்கள். ஒருத்தி இன்னொரு கோப்பை கேட்டாள். அவளுக்கு இந்த வருடம் கிடைக்காது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது, உறுத்தட்டும்.

செடி காய்ந்ததும் தட்டியெடுக்க ஆள் வேண்டியிருந்தது. கொட்டகை ஒன்றுதான். அம்மா ஒரு நேரம், அத்தான் ஒரு நேரம் என்று வைத்தால் காற்று மழைக்கு முன் முடியாது. அக்காதான் குறுக்கே ஒரு பெரிய கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டாள். கிழக்குப் பக்கம் அம்மாவும் நானும், மேற்குப் பக்கம் அத்தானும் அக்காவும். விரிப்பின் மேல் செடியைப் போட்டுக் குச்சியால் தட்டினோம். இந்தப் பக்கம் மணி அசைந்து அசைந்து ஒலித்தது. அந்தப் பக்கம் அத்தான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார், செய்த தப்பையெல்லாம் ஒரே நாளில் அடித்துத் தீர்த்துவிடுவது போல. தண்டு நொறுங்கும் சத்தம் கேட்டது.

அம்மா தட்டுவதை நிறுத்தினாள். என்னிடம் எதையோ சொல்லப் போகிறாள், நான் அதைத் தூக்கிக்கொண்டு கம்பளியைச் சுற்றிப் போக வேண்டும் என்று எழுந்துகூட விட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பளியைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை," என்றாள். "மெதுவா அடிங்க. செடி என்ன பண்ணுச்சு?"

அந்தப் பக்கம் குச்சி நின்றுபோனது. பிறகு அத்தானின் குரல் வந்தது.

"டெல்ஃபி. அத்தைகிட்ட சரின்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. அவங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"சரிங்க அத்தை," என்றார், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிற மாதிரி. பிறகு குச்சி மெதுவாக, மிக மெதுவாக, விழத் தொடங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெற்கே கம்பி வேலையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. போகவில்லை என்று அத்தான் சொல்லவுமில்லை. மறுநாள் வேலிக் கதவில் இரண்டு ஹார்ன் கேட்டது, அவ்வளவுதான்.

விதை எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பயந்ததைவிட அதிகம். எல்லாக் குடும்பங்களும் வந்தார்கள். நடந்ததை நானே சொன்னேன். ஒரு கிழவர் மட்டும், பள்ளிக்கூட டீயை நிறுத்திவிட்டா இதைச் செய்தாய் என்று கேட்டார். பாதியை நிறுத்திவிட்டு என்றேன். தலையாட்டினார். அது பாராட்டா குறையா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவரவர் பங்கை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பங்கை மேல்சரிவுக்கே வைத்தோம்.

முதல் பனி விழுவதற்கு முன்பு ஒரு காலை அதைத் தூவ ஏறினோம். எடுத்த கைதான் திருப்பிப் போட வேண்டும் என்று அத்தான் பிடிவாதமாக இருந்தார். அந்தச் சரிவில் எல்லா வருடமும் தூவுகிறவள் நான்தான் என்று அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே காலை, ஒரே சரிவு. மறைக்க அங்கே கம்பளி கட்ட முடியாது. இதை எப்படிச் செய்வது என்று நானும் அக்காவும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அம்மா எளிதாகச் சொன்னாள். அவர் பின்வழியாக வரட்டும். நான் முன்வழியாக வருகிறேன். இரண்டு பேரும் முதுகைக் காட்டியபடி நடுவுக்கு வந்து, அங்கிருந்து தூவிக்கொண்டே அவரவர் வந்த வழியில் போவோம்.

அப்படித்தான் செய்தார்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு பக்கமிருந்தும் பின்னோக்கி நடந்து வருவதைப் பார்க்க வேண்டுமே. அக்கா அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், கல் தடுக்காமல். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நடுவில் முதுகுக்கு முதுகு ஒரு கை தூரத்தில் நிறுத்தினோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை. அத்தானின் காது சிவந்திருந்தது. அம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

கிளம்பச் சொல்ல வேண்டியது நான். வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, "போலாம் மாப்பிள்ளை," என்றாள்.

போனார்கள். அம்மா கிழக்கே, மணி ஒலிக்க, கையை வீசி வீசி. அத்தான் மேற்கே, பூட்ஸ் சரளையில் நொறுங்க, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் போல ஒவ்வொரு சிட்டிகையாக. நான் நடுவில் நின்றேன். இந்தப் பக்கமும் கொண்டு போக ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. கை இரண்டும் சும்மா தொங்கின.

அந்தப் பெரிய செடி நின்ற இடத்தை அடைந்ததும் அத்தானின் பை தீர்ந்துவிட்டது. மீதி விதை என் பையில் இருந்தது. வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குத் திரும்ப வேண்டும். அம்மா எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஹார்ன் அடிக்க வண்டியும் இல்லை. அப்படியே மலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயாலேயே, உரக்க, "பீப் பீப்," என்றார்.

கிழக்கே மணி நின்றது. அம்மாவின் முதுகு குலுங்கத் தொடங்கியது. சால்வையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளிருந்து அவள் சிரிக்கும் சத்தம் சரிவு முழுக்கக் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை," என்றாள். "வழி காலி."